ஆடிக் காற்றை முதுகில் வாங்குங்கள்

காவிரிக் கரையோடு நெடுந்தூரம் சைக்கிளில் போவது பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். பக்கம் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன்.

*கல்லணையில் ஆரம்பித்து பூம்புகார் வரை சைக்கிளில் போக ஆசை. எந்த மாதம் கிளம்பலாம்?*
– கல்லூரி மாணவர், ஒரத்தநாடு

ஆடி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். ஆடியில் ஆறு நிறைந்து ஓடும். அதைவிடப் பெரிய லாபம் மேல்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற அந்தக் காற்று உங்களை மேற்கிலிருந்து கிழக்கே தள்ளிக்கொண்டே வரும். அம்மியை நகர்த்துகிற காற்றுக்கு சைக்கிள் எம்மாத்திரம்! ஆறு போகிற திசையிலேயே போங்கள். திரும்புவதற்கு ரயிலைப் பிடியுங்கள். பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு என்று மாற்றிக் கிளம்பினால் அதே காற்று நெஞ்சில் அறையும்.

மேட்டூர் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் வேண்டாம். படித்துறைக்குப் படித்துறை கூட்டம், ரோடு முழுக்கச் சப்பரம் இழுக்கிற குழந்தைகள். அன்றைக்குக் கரை அவர்களுடையது.

*எத்தனை நாள் ஆகும்? நண்பர்கள் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள்.*
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

இரண்டு நாள் வையுங்கள். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை வழியாக முதல் நாள் கும்பகோணம். மறுநாள் குத்தாலம், மயிலாடுதுறை, பூம்புகார். பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்து வைத்த ‘பிரெவே’ சவாரியில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நம் ஊர்களிலும் அதை நடத்துகிறார்கள். அதற்கு மாதக்கணக்கில் பழகியவர்கள் வருகிறார்கள்.

சமதளம்தானே என்று நினைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இறக்கம் இல்லாத ஊரில் காலுக்கு ஓய்வு கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும். சீட்டை விட்டு எழுந்திருக்கவும் சந்தர்ப்பம் வராது. மணிக்கு ஒருமுறை இறங்கி நூறடி நடங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் நாற்பது, அறுபது என்று ஓட்டிப் பாருங்கள். புது சீட்டு, புது செருப்பு இரண்டையும் அந்தப் பயணத்தில் முதல்முறையாகப் பரீட்சை பார்க்காதீர்கள்.

*ரோட்டில் எது பெரிய ஆபத்து? லாரியா, பஸ்ஸா?*
– ஆசிரியை, பாபநாசம்

லாரியும் பஸ்ஸும் சத்தம் போட்டுக்கொண்டு வரும். எனக்குப் பயம் சத்தம் போடாதவற்றின் மேல்தான். டெல்டாவில் ரோடும் வயலின் ஒரு பகுதி. வயலில் என்ன வேலை நடக்கிறதோ அதுவே ரோட்டிலும் கிடக்கும். ஆகவே எந்தப் பட்டம் நடக்கிறது என்று தெரியாமல் சைக்கிளை எடுக்கக் கூடாது.

நடவு நேரத்தில், அதாவது குறுவைக்கும் சம்பாவுக்கும் உழுகிறபோது, டிராக்டர் கேஜ் வீலோடு ரோட்டில் ஏறும். அது உதறிவிட்டுப் போகிற களிமண் கட்டி காய்ந்திருந்தால் வண்டியைத் தூக்கிப்போடும். தூறல் பட்டால் சக்கரத்துக்குப் பிடிமானமே இருக்காது. அறுவடை நேரத்தில் அறுவடை மிஷின் கரைச் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். எதிரே வந்தால் இறங்கி ஓரம் ஒதுங்குங்கள், அதை ஓட்டுகிறவரால் ஒதுங்க முடியாது.

நெல்லைத் தார் ரோட்டில் காயவைப்பார்கள். களம் இல்லாதவர் வேறு எங்கே போவார்? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தானே எடுக்கிறார்கள். வண்டி ஏறாமலிருக்க நெல்லைச் சுற்றி வரிசையாகக் கல் வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கல் அங்கேயே கிடக்கும். இருட்டில் அந்தக் கல்தான் ஆளைக் கவிழ்க்கும். தையிலும் மாசியிலும் பொழுது சாய்ந்த பிறகு ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் அந்தக் கல்.

அடுத்து உளுந்து. தாளடிக்குப் பின் விதைத்த உளுந்தை மார்ச், ஏப்ரலில் பிடுங்கி, செடியோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அடித்துக் கொடுக்கும். மேலே காய்ந்த கொடி, அடியில் உருளுகிற உளுந்து. முன் பிரேக்கைப் பிடித்தீர்களானால் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும். ஓட்டியே கடந்தாலும் கொடி ஃப்ரீ வீலில் சுற்றிக்கொண்டு செயினை இழுத்துப் பிடிக்கும். கியர் வண்டியாக இருந்தால் பின் கியரே வளைந்துபோகும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, இறங்கி, தள்ளிக்கொண்டு போங்கள். இரண்டு நிமிஷ வேலை. அறுவடை முடிந்த வயலுக்கு வாத்துக் கூட்டமும் ஆட்டுக் கிடையும் வரும். ரோட்டைக் கடக்கிறபோது நடுவே புகாமல் நின்று வழிவிடுங்கள்.

*ஹெல்மெட் அவசியமா?*
– வாசகர், மன்னார்குடி

தலைக்கு ஸ்டெப்னி கிடையாது.

*போனில் மேப் இருக்கிறதே, அது போதாதா?*
– வாசகர், திருச்சி

மேப்புக்கு வழி தெரியும். நேற்று ராத்திரி மதகுக்குப் பக்கத்தில் கரை அரித்தது தெரியாது. தூரத்துக்கும் ஊர்ப் பெயருக்கும் மேப்பை வைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஏறுவதற்கு முன் ஷட்டர் திறந்து மூடுகிற லஸ்கரைப் பார்த்தால் அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் டீக்கடையில் கேளுங்கள். “அந்தக் கரையில போவலாமாண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டால் எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, எங்கே கருவை முள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்பது வரை சொல்வார்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள். பதில் ஒத்துப்போகாவிட்டால் கரையை விட்டுத் தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள்.

*வழியில் ஆற்றில் குளிக்கலாமா?*
– மாணவர், கும்பகோணம்

ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் குளிக்கிற படியில், இடுப்பளவு வரை. கதவணைக்கும் நீரொழுங்கிக்கும் கீழே வேண்டவே வேண்டாம். மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், உள்ளே சுழலும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் இருக்கும். நீச்சல் தெரிந்தவரையும் அவை விடுவதில்லை. மேட்டூர் நிரம்பி உபரி நீர் வருகிற நாளில் ஆற்றுக்குள் இறங்குகிற எண்ணமே வேண்டாம். 2018 ஆகஸ்ட் 22-ல் முக்கொம்பு மேலணையின் மதகுகளையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பூம்புகாரில் கடலைக் கரையிலிருந்து பாருங்கள்.

*நான் பெண். தனியாகப் போகலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.*
– வாசகி, திருவாரூர்

போகலாம். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-க்குப் பிறகு அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கேலி பேசிய ஊர்களிலேயே பெண்கள் பிள்ளையை முன்னாலும் தண்ணீர்க் குடத்தைப் பின்னாலும் வைத்துக்கொண்டு மிதித்தார்கள். நீங்கள் அந்தத் தலைமுறைக்குப் பின்னால் வருகிறவர்.

வீட்டாரின் பயத்துக்கு மரியாதை கொடுங்கள். முதல் முறை ஒரு தோழியோடு போங்கள். எந்த ஊரைச் சுமாராக எத்தனை மணிக்குத் தாண்டுவீர்கள் என்று எழுதி வீட்டில் கொடுங்கள்; போனில் இருப்பிடம் தெரிகிற மாதிரி வைத்துவிடுங்கள். தங்குகிற அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத கரைப்பகுதி வந்தால் இணையாகப் போகிற பஸ் ரோட்டுக்கு மாறுங்கள். அவசரத்துக்கு 112. துப்பட்டாவை இறுக்கிக் கட்டுங்கள்; பின்சக்கரத்தில் மாட்டினால் கழுத்தை நெரிக்கும்.

*பஞ்சர் ஆனால்?*
– வாசகர், வல்லம்

டெல்டாவில் சைக்கிள் கடைக்குப் பஞ்சமில்லை, ஆனால் உங்கள் சைக்கிளுக்கான டியூப் அங்கே இருக்காது. அவர்களிடம் இருப்பது நம் பழைய சைக்கிளின் அளவு. மெல்லிய டயர் வைத்த கியர் வண்டி என்றால் இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், நெம்புகோல், கையடக்கப் பம்பு எல்லாம் உங்கள் பையில் இருக்க வேண்டும். உங்கள் வால்வு ஊசி மாதிரி மெல்லியதாக இருந்தால் கடைப் பம்பு சேராது. அதற்கு ஒரு சின்ன பித்தளை அடாப்டர் விற்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். கருவை முள் குத்தினால் முள்ளைப் பிடுங்கினால் மட்டும் போதாது. டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவி, உடைந்த முனை நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் புது டியூபைப் போடுங்கள். கோட்டம் எடுக்க, பிரேக் கட்டை மாற்ற ஊர்க் கடைக்காரரை நம்புங்கள். நல்ல கை அவர்களுக்கு.

*உங்கள் அறிவுரை எல்லாம் ஊர் சுற்றுகிறவர்களுக்குத்தானா? என் அப்பா தினமும் சைக்கிளில்தான் கூலி வேலைக்குப் போய் வருகிறார்.*
– வாசகர், நீடாமங்கலம்

இந்த மாதம் வந்ததில் முக்கியமான கடிதம் உங்களுடையது, தம்பி. ஒருநாள் ஆசைக்குப் போகிறவர் விளக்கு, ஹெல்மெட், மின்னும் சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு போகிறார். முப்பது வருஷமாக அதே ரோட்டில் போகிறவர், மண்வெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, விளக்கில்லாமல், இருட்டியபின் திரும்புகிறார். நாட்டில் சாலை விபத்து அதிகம் நடப்பது மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் என்று மத்திய அரசின் அறிக்கை வருஷா வருஷம் சொல்கிறது. உங்கள் அப்பா வீடு திரும்புகிற நேரம் அதுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை அகலமாக ஒட்டுங்கள். இரண்டு பெடலிலும் மஞ்சள் துண்டு ஒட்டுங்கள். மேலும் கீழும் போய்வருகிற மஞ்சளைப் பார்த்தால் சைக்கிள் என்று டிரைவருக்கு உடனே புரியும். பேட்டரியில் எரிகிற சிவப்புப் பின்விளக்கு ஒன்றை மாட்டிக் கொடுங்கள். மண்வெட்டி, அரிவாள் அகலவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நெடும்பயணம் கிளம்புகிற குழுக்களிடமும் கேட்கிறேன்: ரிஃப்ளெக்டர் சுருள் இரண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள். டீக்கடையில் நிற்கிற சைக்கிள்காரரிடம் கேட்டு ஒட்டிவிடுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

*பாம்பு, நாய்?*
– வாசகர், அம்மாபேட்டை

நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, மெல்ல நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள்.

பாம்புக்கடிக்குக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. அதற்கான விஷத்தை வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. மண்டபத்திலோ திண்ணையிலோ வெறுந்தரையில் படுத்துத் தூங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில், தூங்குகிறவரைக் கடிக்கும், வலிகூடத் தெரியாது.

*சாப்பாடு, தண்ணீர்?*
– வாசகி, நாகப்பட்டினம்

மணிக்கு அரை லிட்டர். வெயில் ஏறினால் அதற்கு மேல். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம், மருந்தடித்த வயலின் வடிகால் அதில்தான் விழுகிறது. காலையில் நீராகாரம், நடுவில் உப்புப் போட்ட மோர். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உங்கள் ஊர்ப்பக்கம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வரை நிலத்தடி நீர் உப்பு என்பது உங்களுக்கே தெரியும். வெளியூர்க்காரர்கள் திருவாரூரிலேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ளட்டும்.

*மகன் ஐப்பசியில் போகிறேன் என்கிறான். தடுக்கவா?*
– ஒரு தாய், பட்டுக்கோட்டை

தடுங்கள் அம்மா. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா உங்கள் ஊர்த் தென்னையை என்ன செய்தது என்று நீங்களே சொல்லுங்கள் அவனிடம். புயல் இல்லாவிட்டாலும் ஊறிய கரை காலடியில் இடியும். இடி மின்னலின்போது வெட்டவெளி வயலில் உயரமாக இருப்பது அவனும் ஒற்றைப் பனைமரமும்தான். தை பிறக்கட்டும். குளிர்ச்சியாக இருக்கும், காலை மூடுபனி விலகியபின் கிளம்பட்டும்.

*வெளிநாட்டில் இருப்பதுபோல் நமக்கும் சைக்கிள் பாதை வருமா?*
– பொறியாளர், சென்னை

அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை பழைய கால்வாய்க் கரை ஒன்று 297 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதையாக இருக்கிறது. 1924-ல் படகு நின்றுபோன கால்வாய் அது. 1971-ல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்துப் பராமரிக்கிறார்கள். நம் கரை அப்படி ஓய்ந்துபோன கரை இல்லை. அதன்மேல் நாற்றுக்கட்டும் வைக்கோலும் போக வேண்டும். அவற்றைக் கொண்டுபோகிறவர்களை ஒதுக்கிவிட்டு எனக்குப் பாதை வேண்டாம். மதகுக்கு மதகு ஊர்ப் பெயரும் தூரமும் எழுதிய பலகை, குடிதண்ணீர்க் குழாய், கரை அரித்த இடத்தில் அன்றைக்கே ஒரு தடுப்பு. இவ்வளவு செய்தால் போதும். விவசாயிக்கும் பயன்படும்.

*திரும்பும்போது சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியுமா?*
– வாசகர், திருவையாறு

முடியும். பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறை ஜங்ஷனுக்கு மிதித்து வந்துவிடுங்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் பார்சல் அலுவலகத்தில் டிக்கெட்டைக் காட்டிப் பதிவு செய்தால் பிரேக் வேனில் ஏற்றுவார்கள். பை, பாட்டில், விளக்கு எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், போன் நம்பர், இறங்கும் ஸ்டேஷன் மூன்றையும் அட்டையில் எழுதி ஹேண்டில்பாரில் ஒன்று, கேரியரில் ஒன்று கட்டுங்கள். நடுவில் சின்ன ஸ்டேஷனில் இறக்க நினைக்காதீர்கள், ரயில் நிற்கிற நேரம் போதாது. தஞ்சாவூரில் இறக்கிக்கொண்டால் அங்கிருந்து உங்கள் ஊர் 13 கிலோமீட்டர். இருட்டிவிட்டால் சைக்கிளை ஸ்டாண்டில் பூட்டி வைத்துவிட்டு பஸ்ஸில் போங்கள், காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.