முப்பதுக்கு எத்தனை?

காப்பியடித்தே தேறப் பார்த்த தேர்வுகளில் என் கடைசித் தேர்வு, என் மறதியை அளக்கும் தேர்வு. மேற்பார்வைக்கு வாத்தியார் கிடையாது. செல்போனும் நானும்தான்.

சேவூரில் நெசவாளர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதிநோய் இருக்கும் என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருந்தது. அதைப் படித்த இரவே, ஆரணிக்குப் போய் டாக்டரைப் பார்க்க வெட்கப்பட்டு, மூளையைச் சோதிக்கும் செயலி ஒன்றை இறக்கினேன்.

100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னது. கூலிப் பட்டியல் போட்ட மண்டை. 93, 86, 79 என்று மளமளவென்று இறங்கினேன். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கும் இடத்தில் என் வறண்ட விரலைத் திரை கண்டுகொள்ளவில்லை. விரலைத் துடைத்துத் தேய்ப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. பழி மூளைமேல் விழுந்தது. ஐந்து சொற்களைக் காட்டி, சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது முழுசாகக் கவிழ்ந்தேன்.

மறுநாள் அந்த ஐந்தையும் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேள்வி வந்த நேரம் பார்த்து, சீட்டை எங்கே வைத்தேன் என்பது மறந்துவிட்டது. ஆனால் செயலி சொற்களை மாற்றுவதில்லை. போகப்போக மனப்பாடமாகி மதிப்பெண் ஏறியது, மறதி இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தத் திருட்டு ஏற்றத்துக்குப் பயந்துதான் மருத்துவர்கள் பயன்படுத்தும் மோக்கா தேர்வுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வினாத்தாள்கள் வைத்திருக்கிறார்கள்.

அதோடு நின்றேனா? தறியில் இருந்த மனைவியிடம் போனை நீட்டினேன். அக்கறை என்றேன். எனக்குக் கீழே ஒருவர் தேவைப்பட்டார் என்பதே உண்மை. மூன்றாம் வகுப்போடு நின்றவள். என்னைவிட மிகக் குறைவாக வாங்கினாள். எனக்கு அற்ப சந்தோஷம். அவள் போனைத் தள்ளி வைத்துவிட்டு, பாவில் அறுந்த இழையை அதன் விழுதுக்கும் அச்சுக்கும் தப்பாமல் கொண்டுபோய்ப் பிணைத்தாள். அதற்கு மதிப்பெண் போடச் செயலியில் இடமில்லை.

இந்தச் சோதனைகளின் மூதாதை 1975-இல் அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 மதிப்பெண். வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர்களுக்கானது. ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாத முதியவர்களுக்காக அதை இந்தியில் மாற்றி அமைத்தார்கள். ‘கண்ணை மூடு’ என்ற வரியை வாசிப்பதற்குப் பதில், எதிரில் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், தன் வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னால் போதும். வீட்டைப் பற்றியா? என்னைப் பற்றி மட்டுமே அவள் அரை மணி நேரம் பேசுவாள்.

பேசவும் செய்தாள். ஏடி8 என்ற கேள்வித்தாள் 2005-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வெளியானது. எட்டே கேள்விகள், கூட இருப்பவரைக் கேட்பது நல்லது. இந்தச் சில வருடங்களில் ஆள் மாறியிருக்கிறாரா என்பதுதான் விஷயம். இரண்டு ‘ஆமாம்’ வந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாசித்துக் காட்டினேன்.

“ஒரே கதையத் திருப்பித் திருப்பிச் சொல்றது கல்யாணமான நாள்லேருந்தே இருக்குங்க, அத சேக்காதீங்க. கரண்ட் பில்ல ரெண்டு தரம் கட்டினீங்களே, அது புதுசு. தங்கச்சி வூட்டு விசேஷத்த மறந்தீங்க, அதுவும் புதுசு.”

இரண்டாகிவிட்டது. ஆரணிக்குப் போனேன். பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். காது கேட்கிறதா என்றும் பார்த்தார்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் மறதி வரும். பல நேரம் சரிசெய்யவும் முடியும். எனக்குப் பி12 குறைவு. மாத்திரை சாப்பிடுகிறேன். வேளை தவறாமல் என்று எழுத ஆசைதான். மனைவி இதைப் படிப்பாள்.

செயலியில் எத்தனை வாங்கியிருந்தாலும் சரி, கூட இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்க ஆளில்லாத முதியவர்களுக்கு 14567 என்ற கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது.