விண்ட் சைம் இலக்கணம்: ஆணி முதல் ஆறு குழல் வரை ஒரு பன்முக நோக்கு

ஆய்வுப் பொருள்: வீட்டில் விண்ட் சைமை ஃபெங் சுயி முறைப்படி எங்கே மாட்டுவது? ஆய்வு எல்லை: சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வாடகை ஃபிளாட், சமையலறை நீங்கலாக (அங்கே ஆய்வாளருக்கு அனுமதி இல்லை). ஆய்வின் தேவை: துறைத்தலைவர் தலைப்பு கேட்டார்.

இயல் 1: வரலாறு

கி.பி. 516-ல் சீனாவின் லோயாங் நகரில் எழுந்த யோங்னிங் கோயில் கோபுரத்தில் அடுக்கடுக்காக மணிகள் தொங்கின. காற்றடிக்கும் இரவுகளில் அவற்றின் ஒலி பத்து லிக்கு அப்பாலும், அதாவது நாலைந்து கிலோமீட்டர் தள்ளியும், கேட்டதாக அக்கால எழுத்தாளர் யாங் சுவான்ஜி எழுதிவைத்திருக்கிறார். 534-ல் கோபுரம் எரிந்துபோனது. மணிகளைத் தெற்கு பார்த்து மாட்டியதால்தான் எரிந்ததா என்று இதுவரை ஒருவரும் கருத்தரங்கு கூட்டாதது இத்துறையின் அவலம்.

இயல் 2: கோட்பாடு

குவோ பூவின் பெயரால் வழங்கும் நல்லடக்க நூலே ஃபெங் சுயிக்கு மூலநூலாகப் போற்றப்படுகிறது. கல்லறைக்கு இடம் பார்க்கும் நூல் அது. 'சி' என்னும் உயிராற்றல் காற்றில் சிதறும், நீர் கண்டால் நிற்கும் என்பது அதன் சாரம். ஆகவே காற்று புகாத இடமே நல்ல இடம். காற்று புகாத இடத்தில் விண்ட் சைம் வாய் திறக்காது. இந்தச் சிறு இடர்ப்பாட்டை உரையாசிரியர்கள் எப்படிக் கண்டுகொள்ளாமல் கடந்தார்களோ அப்படியே நாமும் கடப்போம்.

இயல் 3: ஒலியியல்

குழலின் நுனியிலிருந்து அதன் நீளத்தில் 22.4 விழுக்காடு தள்ளித் துளையிட்டுக் கட்டினால் ஓசை நன்றாக நிற்கும். இது சோதித்துப் பார்க்கக்கூடிய உண்மை என்பதால் இவ்வாய்வில் இதற்கு இடமில்லை.

இயல் 4: திசை

மேற்கு, வடமேற்கு, வடக்கு ஆகியவற்றுக்கு உலோகம். கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் மூங்கில். தென்மேற்குக்கும் வடகிழக்குக்கும் பீங்கான். தெற்கு நெருப்புக்குரியது, நெருப்பு உலோகத்தை உருக்கும், எனவே தெற்கில் உலோகம் கூடாது. குழல் உள்ளீடற்றதாக இருக்க வேண்டும், 'சி' அதன் வழியேதான் மேலே ஏறும். வடமேற்கின் எண் 6, அதனால் அங்கே ஆறு குழல். வாஸ்துவிலும் அது வாயு மூலை. இப்படி இரு பெரும் மரபுகளும் கைகோக்கும் அந்த மூலையில், நாம் எடுத்துக்கொண்ட வீட்டில், பாத்ரூம் இருக்கிறது.

இயல் 5: ஐந்தாம் மஞ்சள்

ஃபெங் சுயி கணக்கில் ஒன்பது பறக்கும் விண்மீன்கள் ஆண்டுதோறும் பிப்ரவரி 4 வாக்கில் வீடு மாறுகின்றன. அவற்றுள் பொல்லாதது ஐந்தாம் மஞ்சள். அது மண்ணின் தன்மையது. மண்ணின் வலுவை உறிஞ்சுவது உலோகம். ஆகையால் அது குடிவந்த திசையில் ஆறு உலோகக் குழல் கொண்ட விண்ட் சைமை மாட்டுவதே பரிகாரம். 2024-ல் அது மேற்கில் இருந்தது. 2025-ல் வடகிழக்கு. இரண்டு ஆணியோடு பிழைத்தோம். 2026-ல் தெற்கு.

தெற்கில் உலோகம் கூடாது என்று சென்ற இயல் விதித்திருக்கிறது. சாமானியர் இந்த இடத்தில் நூலை மூடிவிடுவார். புலவர் ஒரு புறனடை எழுதுவார்.

மாட்டுக என்பர் ஒரு சாரார் (மூன்றாம் தளத்து மாமி, வாய்மொழி, மொட்டை மாடி, வற்றல் காயவைக்கும் பருவம்). மாட்டற்க என்பர் மறுசாரார் (கீழ்வீட்டுத் தாத்தா, 'ராத்திரி தூங்க முடியல' என்னும் சிற்றுரை, கைத்தடியால் தம் வீட்டு உத்தரத்தில் தட்டி வெளியிட்டது, இரண்டாம் பதிப்பு, திருத்தியது, நள்ளிரவு). இருவரையும் சமரசம் செய்விக்கிறது லிஃப்ட் உரை (ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் நடுவே அருளியது, கரண்ட் போனதால் முதற்பகுதி இருளில் சிதைந்தது, எஞ்சியது ஜெனரேட்டர் வந்தபின் கையில் பால் பாக்கெட்டுடன் நின்ற வாட்ச்மேன் பாடத்தின்படி). அதன் துணிபு: உலோகத்தை மாட்டலாம், ஆனால் நெருப்புக்குத் தெரியாமல் மாட்ட வேண்டும். எப்படி என்று கேட்டோம். பேராசிரியர் தம்முடைய மூன்று கட்டுரைகளைப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். மூன்றும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுகின்றன.

இயல் 6: காற்று

ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, கதவைச் சாத்தி, ஏசியும் போட்டபின் வீட்டுக்குள் காற்று ஏது? விண்ட் சைம் ஆடுவதெல்லாம் ஃபேன் புண்ணியத்தில். ஃபேன் காற்றில் 'சி' உண்டா? ரெகுலேட்டரை மூன்றுக்கு மேல் திருகினால் உண்டு என்பது ஒரு கொள்கை. ஏற்கலாம்.

ஆனால் 2031-ல் ஐந்தாம் மஞ்சள் வீட்டின் நட்டநடுவுக்கு வருகிறது. ஹாலின் நடுவில் இருக்கும் ஒரே கொக்கி ஃபேனுக்குரியது. ஃபேனைக் கழற்றிவிட்டுச் சைமை மாட்டினால் அதை அசைக்க ஆளில்லை. ஃபேனோடு சேர்த்துக் கட்டினால் ஆறு குழலும் ஆறு திசையில் பறக்கும். இச்சிக்கலை ஆராய மூன்றாண்டு நல்கை கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். பழைய ஆணித் துளைகளுக்காக வீட்டு ஓனர் அட்வான்ஸில் பிடிக்கப்போகும் தொகையைக் களப்பணிச் செலவில் காட்டியாயிற்று.