பிறந்த வீட்டை விற்கப் பார்த்தவர்கள்

கேள்வி: அமெரிக்கா பிறந்த வீடு என்று பிலடெல்பியாவின் இண்டிபெண்டன்ஸ் ஹாலைக் கொண்டாடுகிறார்களே, அப்படி என்ன விசேஷம்?

பதில்: 1776-ல் சுதந்திரப் பிரகடனம், 1787-ல் அரசியல் சட்டம், இரண்டுக்கும் அதுதான் பிரசவ அறை. கட்டியதென்னவோ பிரிட்டிஷ் மன்னர் ஆட்சியில், பென்சில்வேனியா சட்டசபைக்காக. அங்கேயே உட்கார்ந்து மன்னருக்கு விவாகரத்துத் தீர்மானம் போட்டார்கள். அதுவும் ஜூலை 2-ம் தேதி! 4-ம் தேதி ஏற்றது பிரகடனத்தின் வாசகத்தை. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-ல். ஜூலை 2-ஐத்தான் வருங்காலம் கொண்டாடும் என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார், தீர்மானம் போட்டவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ். பாவம், ஜோசியம் இரண்டு நாள் பிசகிவிட்டது.

1787 கோடையில் ரகசியம் கசியக்கூடாதென்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு விவாதித்தார்கள். மின்விசிறி இல்லாத காலம். அந்த அரசியல் சட்டம் அத்தனை சுருக்கமாக இருப்பதற்குப் புழுக்கமே காரணம் என்பது என் சந்தேகம்.

இவ்வளவு பெருமையுள்ள இடத்தை, மாகாணத் தலைநகரம் ஊர் மாறிய பிறகு, மாகாண அரசு மனை போட்டு விற்கப் பார்த்தது. பிலடெல்பியா நகராட்சிதான் 70,000 டாலருக்கு வாங்கிக் காப்பாற்றியது. ரியல் எஸ்டேட்காரர்களுக்கு இன்றும் அந்த வருத்தம் இருக்கும்.