கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்க

எல்லை என்றால் என்னவென்று கல்முனைக்காரனுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கல்முனையும் சாய்ந்தமருதும் மதிலோடு மதில் ஒட்டிய ஊர்கள். எந்த வளவோடு ஒன்று முடிகிறது, எந்த வளவில் மற்றது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரன் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனாலும் அந்த எல்லையை வைத்துக் கூட்டம் நடந்திருக்கிறது, கடையடைப்பு நடந்திருக்கிறது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானியே வந்தது; சில நாளில் அது நிறுத்தியும் வைக்கப்பட்டது. எல்லைக்காக இவ்வளவு பாடுபட்ட ஊரில் பிறந்தவனுக்கு, ஹீத்ரோவிலோ டோஹாவிலோ ஒரு கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றதும் ஏன் கைகால் உதறுகிறது?

கூண்டுக்குள் இருக்கும் அதிகாரி அல்ல காரணம். புறப்படுவதற்கு முதல் வீடு தேடி வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் காரணம்.

ஒருவருக்கு விசா கிடைத்துவிட்டது என்ற செய்தி பள்ளிவாசல் கடப்பதற்குள் ஆள் வரத் தொடங்கும். சவூதியில் சாரதியாக இருந்த மச்சான் சொல்வார்: "அவன்ட கண்ணப் பார்த்துக் கதைக்கணும்." பிளேன்டியைக் குடித்து முடிப்பதற்குள் அவரே, "கண்ண முழிச்சிப் பார்த்தா சந்தேகப்படுவான்" என்பார். சாச்சா வருவார்: "தாடிய எடுத்துட்டுப் போ." பக்கத்து வீட்டு மாஸ்டர் விடமாட்டார்: "தாடிய எடுத்தா பாஸ்போட் படத்துக்கு வேற ஆளாத் தெரியும்." சிரிக்க வேண்டும், ஆனால் சும்மா சிரிக்கக் கூடாது. நேரத்தோடு போக வேண்டும், ஆனால் வரிசையில் முதல் ஆளாக நிற்கக் கூடாது. இத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு, வழியனுப்ப வந்த பன்னிரண்டு பேரோடு ஒரு வேனில் இரா முழுக்க நெரிந்து கட்டுநாயக்காவில் இறங்குகிறவனின் முகம் எப்படி இருக்கும்? குற்றவாளியின் முகம்தான். அதிகாரி சந்தேகப்படாவிட்டால்தான் அதிசயம்.

நியாயமாகப் பார்த்தால் உலகத்திலேயே பயப்படக் கூடாத பயணிகள் நாங்கள். 2009 மே மாதம் யுத்தம் முடியும்வரை கொழும்புக்கு ஒரு பஸ் பயணம் என்றால் அது பல நாடு கடப்பதற்குச் சமம். செக்பொயின்ட் வந்ததும் பஸ் நிற்கும். பையும் கையுமாக எல்லோரும் இறங்க வேண்டும். ஐசியை நீட்ட வேண்டும். நாங்கள் ஒரு பக்கத்தால் நடக்க, வெறும் பஸ் மற்றப் பக்கத்தால் ஊர்ந்து வந்து அந்தப் புறத்தில் காத்து நிற்கும். ஏறி உட்கார்ந்து சூடு ஆறுவதற்குள் அடுத்த செக்பொயின்ட். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சாரத்துணியில் பொதிந்த ஒரு சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். படைவீரன் அவிழ்க்கச் சொன்னான். பெரியவர் முடிச்சை அவிழ்த்தார், பின்பு தாளை விலக்கினார், பின்பு வாழையிலையை விலக்கினார். எருமைத் தயிர். ஆடை கலையாமல் மஞ்சள் பிடித்துக் கிடந்தது. "மீகிரி!" என்று சிங்களத்தில் சொன்னான் அவன். துவக்கைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, அந்த வாழையிலையைத் தானே திரும்பப் பொத்திக் கொடுத்தான். அன்று எங்கள் பஸ்ஸில் வேறு பையை அவன் திறக்கவில்லை.

பத்து வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளும், அதே மாதம் 26ஆம் திகதி இரவு அந்தக் குண்டுதாரிகளின் கூட்டாளிகளைத் தேடிப் போன படையினரோடு சாய்ந்தமருதில் நடந்த மோதலும் எங்களைத் திரும்பவும் ரோட்டில் இறக்கி விட்டன. முகவரியில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தால் ஐசி அவர்கள் கையில் கொஞ்சம் கூடுதலான நேரம் தங்கியது. சொந்த நாட்டிலேயே இவ்வளவு பரீட்சை எழுதியவர்களுக்கு வெளிநாட்டான் புதிதாக என்ன கேட்டுவிடப் போகிறான்? உலகத்தின் எந்த எல்லையிலும் கேள்வி மூன்றுதான். நீ யார்? எப்ப திரும்பிப் போவாய்? பைக்குள் என்ன?

முதலாவதுதான் கடினம். எங்கள் பெயர் பெயரல்ல, ஊர்வலம். முன்னால் மூன்று இனிசல். ஒன்று வாப்பாவுடையது, ஒன்று மூத்தாப்பாவுடையது, மூன்றாவது எதற்கென்று வாப்பாவுக்கே தெரியாது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் முகம்மது, பாடசாலை இடாப்பில் முஹம்மத், ஐசியில் மொஹமட். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். இதற்குமேல் படிவம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். எங்கள் கரையில் குடும்பம் என்பது குடி. அது தாய் வழியால் வருவது. பெயரோடு எழுதுகிற வழக்கம் இல்லை. ஆகவே கட்டத்தை வெறுமையாக விடக் கூடாதென்று வாப்பாவின் பெயரை எழுதிவிடுவோம். அப்படி எழுதிய எனக்குத் தெரிந்த ஒருவரை, ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டது வாப்பாவின் பெயரை. மனிசன் மரியாதையாக எழும்பிப் போய், "அவர் மௌத்தாகி நிறைய வருஷம், சேர்" என்று சொல்லியிருக்கிறார். மௌத்தானவரின் பெயரில் பயணம் செய்கிறவரை யார்தான் சும்மா விடுவார்கள்?

இந்த விசயத்தில் பெரிய ஆள், சின்ன ஆள் இல்லை என்பது ஒரு ஆறுதல். 2011 செப்டெம்பரில் நியூயோர்க்கில், விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஒருவரின் மேற்சட்டையையும் சப்பாத்தையும் வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். அவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். இந்தியாவின் ஜனாதிபதியாக இருந்தவர். அமெரிக்கா பிறகு மன்னிப்புக் கேட்டது. 2009 ஆகஸ்டில் நியூவார்க்கில் ஷாருக் கானை நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். அடுத்த வருடம் வெளிவந்த அவருடைய படத்தின் பெயர் 'மை நேம் இஸ் கான்'. முஸ்லிமே இல்லாத கமல் ஹாசன்கூட, பெயரின் பின்பாதிக்காக 2002இல் டொரண்டோ விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார்.

இப்போது பெயர் மட்டும் போதாது. அமெரிக்க விசாப் படிவம் 2019 முதல், கடந்த 5 வருடத்தில் பாவித்த சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்கிறது. என் மருமகன் ஒருவனுக்கு இதனால் நித்திரையே இல்லை. அவனுடைய முகநூலைத் திறந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை நகர சபைச் சண்டை. இதை வாசிக்கிற அமெரிக்க அதிகாரிக்கு அவனைப் பற்றிப் பயம் வராது. தன் உத்தியோகத்தைப் பற்றித்தான் வெறுப்பு வரும் என்று ஆறுதல் சொன்னேன்.

எங்கள் நாடும் இதில் சளைத்ததல்ல. 2014 ஏப்ரலில் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரைக் கட்டுநாயக்காவில் பிடித்து நாடு கடத்தினார்கள். அவர் புத்தரில் பக்தி வைத்தே குத்தியிருந்தார். 2017இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு நட்டஈடும் செலவுத் தொகையுமாக 8 லட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. அறுகம்பேக்கு அலைச்சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு, ஒரு கவலையும் இல்லாமல் திரிகிறார்கள் என்று நாங்கள் பொறாமைப்படுகிறோம். அவர்களும் வருவதற்கு முதல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள் போலும்.

இரண்டாவது கேள்வி, எப்ப திரும்பிப் போவாய் என்பது. இதற்கு ஆதாரமாகத் தூதரகத்தில் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குச் சீதனம்; கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டுக்குப் போய் இருப்பான். ஆகவே கேள்வி-பதில் இப்படிப் போகும். வீடு யாருடையது? மனைவியுடையது. வயல்? மாமியுடையது. உன் பெயரில் என்ன இருக்கிறது? ஒரு மோட்டார் சைக்கிள். சொந்த ஊரில் ஒரு முழம் நிலமில்லாதவன் ஏன் திரும்பிப் போகப் போகிறான் என்று அதிகாரி நினைப்பது அவருடைய கணக்கில் சரிதான். இருக்கிற வீடே மனைவியுடையது என்பதைவிடக் கட்டாயமாகத் திரும்பி வர வேறென்ன காரணம் வேண்டும் என்பது கலியாணம் முடித்த கல்முனைக்காரனுக்கு மட்டும் விளங்கும் கணக்கு.

மூன்றாவது, பை. பயணியின் பெட்டியைப் பயணி கட்டுவதில்லை, உம்மா கட்டுவா. மகன் போகிற நகரத்தில் தெருவுக்கொரு இலங்கைக் கடை இருந்தாலும், "அங்க கொச்சிக்காத்தூளுக்கு எங்க மனெ போவாய்?" என்று கேட்டுக்கொண்டே அடைவா. தொதல், மஸ்கட், நெத்தலிக் கருவாடு, நீத்துப்பெட்டி, அடியில் மாசி. மாசிக் கட்டியை எக்ஸ்ரேயில் பார்த்த ஆள் அதைக் கையில் எடுத்து மேசையில் தட்டிப் பார்ப்பான். மரச் சத்தம் கேட்கும். மீன் என்று சொன்னால் நம்பமாட்டான். அவுஸ்திரேலியாவில் மரமென்றாலும் அறிவிக்க வேண்டும், மீனென்றாலும் அறிவிக்க வேண்டும். அங்கே 2022இல் பாலியிலிருந்து வந்திறங்கிய ஒரு பயணி, பையில் கிடந்த இரண்டு மெக்மஃபினையும் ஒரு குரோசோனையும் அறிவிக்காததற்கு 2,664 டொலர் தண்டம் கட்டினார். கொண்டுவந்ததற்கல்ல, சொல்லாததற்கு. சொல்லியிருந்தால் சாப்பாடு மட்டும்தான் போயிருக்கும்.

வளைகுடா வேறு விதம். இந்தியாவில் குருமாவுக்கு அரைக்கிற கசகசா அங்கே போதைப்பொருள் கணக்கில் சேரும். ட்ரமடோல் போன்ற நோவு மருந்தை வைத்தியரின் கடிதமும் உரிய அனுமதியும் இல்லாமல் கொண்டுபோனால் சிறை. இதைவிடப் பெரிய ஆபத்து, புறப்படுகிற அன்று மஃரிபுக்குப் பிறகு வாசலுக்கு வரும். "சின்னப் பார்சல்தான் தம்பி. மகன் எயார்போட்டுக்கே வந்து எடுப்பான்." ஒட்டுநாடாவால் முழுக்கச் சுற்றியிருப்பதால் உள்ளே என்ன என்று கேட்பது மரியாதையில்லை. 2025 மே மாதம் பேங்கொக்கிலிருந்து கட்டுநாயக்காவில் வந்திறங்கிய ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் பெட்டிகளில் 46 கிலோ கஞ்சா இருந்தது. அது எப்படி வந்ததென்று தனக்குத் தெரியாது என்றார் அவர். தெரியாது என்பது எந்தச் சுங்கத்திலும் செல்லுபடியான பதிலல்ல.

ஆக, முதலாவது கேள்வி நமது கையில் இல்லை. பெயரை வைத்துப் பார்க்கிறவன் கலாமையே சப்பாத்தைக் கழற்ற வைத்தான், நாம் எம்மாத்திரம்? அதற்குப் பயந்து பிரயோசனம் இல்லை; கழற்றச் சொன்னால் கழற்றிவிட்டுப் போக வேண்டியதுதான். மற்ற இரண்டும் நமது கையில். எப்ப திரும்புவாய் என்றால் திகதியைச் சொல்லுங்கள். மாமியின் வயலைப் பற்றிச் சொல்லாதீர்கள். பெட்டியை உம்மா கட்டட்டும், பூட்டுவதற்கு முதல் ஒவ்வொன்றையும் நீங்கள் எடுத்துப் பாருங்கள். படிவத்தில் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டால் ஆம் என்று எழுதுங்கள். பார்சலோடு வருகிறவருக்குப் பிளேன்டி கொடுங்கள், சுகம் விசாரியுங்கள், பார்சலை மட்டும் வாங்காதீர்கள். கோபிப்பார், கோபம் பெருநாளோடு தீரும். கல்முனையில் தபால் கந்தோர் இருக்கிறது.