பத்திரமாக மூழ்குவது எப்படி?

நூறு வருடமாக உலகத்தின் கெட்டிக்கார மூளைகள் உங்களைக் காப்பாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைகின்றன. தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் ஜாக்கெட். கப்பல் மூழ்கினால் தானே அறுத்துக்கொண்டு மேலே வரும் ராஃப்ட். மயங்கி விழுகிறவனுக்கும் தானே விரியும் பாராசூட். நீங்கள் சும்மா இருந்தாலே பிழைத்துவிடுவீர்கள் என்ற அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது. கவலை வேண்டாம். இத்தனையையும் தோற்கடிக்க வழி இருக்கிறது. பாதியை நீங்கள் இப்போதே செய்துகொண்டிருக்கிறீர்கள். மீதியைச் சொல்லித்தருகிறேன்.

1. எண்ணுங்கள், தொடாதீர்கள்.
ஆள் எத்தனை, ஜாக்கெட் எத்தனை? கணக்கு ஒத்துப்போனால் வேலை முடிந்தது. எடுத்து உதறிப் பார்ப்பதெல்லாம் சந்தேகப் பிராணிகளின் வேலை. 1904 ஜூன் 15 அன்று நியூயார்க்கில், ஈஸ்ட் ரிவரில் தீப்பிடித்த 'ஜெனரல் ஸ்லோகம்' கப்பலில் ஜாக்கெட்டுக்குப் பஞ்சமே இல்லை. வருடக்கணக்கில் தொங்கித் துணி நைந்து, உள்ளே கார்க் பொடியாகியிருந்தது, அவ்வளவுதான். பிடித்து இழுத்தவர்கள் கையில் தூளாகக் கொட்டியது. சர்ச் பிக்னிக் கிளம்பிய பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் கப்பல் பரிசோதனையில் தேறியிருந்தது.

2. விதியைத் திருப்திப்படுத்துங்கள்.
ஒரு ஜாக்கெட்டில் இவ்வளவு எடை கார்க் வேண்டும் என்றது அன்றைய அமெரிக்க விதி. கார்க் விலை அதிகம், இரும்பு மலிவு. கார்க் கட்டைக்குள் இரும்புத் துண்டைச் செருகி எடையைச் சரிக்கட்டியதாக அதே 1904இல் தயாரிப்பாளர்கள் மீது வழக்கே வந்தது. தராசு முள் நேராக நின்றதா இல்லையா? மிதப்பது தராசின் வேலை அல்ல.

3. விதியைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்து பெருமைப்படுங்கள்.
டைட்டானிக்குக்குச் சட்டம் கேட்டது 16 உயிர்காப்புப் படகுகள். அதில் இருந்தவை 20. அவற்றில் 1,178 பேருக்கு இடம். கப்பலிலோ 2,200 பேருக்கு மேல். முதலில் இறக்கிய படகில் 65 பேர் ஏறலாம். ஏறியவர்கள் 28 பேர் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஏறாதவர்களைப் போலவே நீங்களும் யோசியுங்கள்: பெரிய கப்பலில் விளக்கு எரிகிறது, வாத்தியம் வாசிக்கிறார்கள், குளிரில் யார் சின்னப் படகில் உட்காருவது?

டைட்டானிக் மூழ்கிய பின் கப்பல்களில் படகுகளைக் கூட்டினார்கள். சிகாகோவின் 'ஈஸ்ட்லேண்ட்' ஏற்கெனவே தலை கனத்த கப்பல். அதன் தலையிலும் ஏற்றினார்கள். 1915 ஜூலை 24 அன்று துறையில் கட்டியிருந்தபடியே புரண்டது. 844 பேர் இறந்தார்கள். பாதுகாப்பை எங்கே வைப்பது என்று மட்டும் யோசிக்காதீர்கள்.

4. ஜாக்கெட்டைப் போட்டோவுக்காக மட்டும் போடுங்கள்.
படகுத்துறையில் தருகிற ஆரஞ்சு ஜாக்கெட்டை முகர்ந்து முகம் சுளியுங்கள். போன ரவுண்டு ஆளின் வியர்வை இன்னும் காய்ந்திருக்காது. மூன்று கொக்கியில் ஒன்று உடைந்திருக்கும், ஒன்றுக்கு ஜோடி இருக்காது; மிச்சமிருப்பதை நீங்கள் மாட்டாதீர்கள்.

"ஏங்க, கொக்கி போடலையா?"

"அரை மணி நேர ரவுண்டுதானே, சும்மா வா."

கரை தள்ளிப்போனதும் கழற்றி, ஈரப் பலகைமேல் போட்டு உட்காருங்கள். கரையோரம் மிருகம் ஏதாவது தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கவிழ்ந்து 45 பேரைக் கொண்டுபோன படகில் இந்த ஓட்டம் நடந்ததாகச் சொன்னார்கள். படகின் வடிவமைப்பும் ஒத்துழைத்தது.

5. தானே ஊதும் ஜாக்கெட்டை ஊத விடாதீர்கள்.
இதற்குள் தண்ணீரில் கரையும் ஒரு மாத்திரை உண்டு. அது கரைந்ததும் ஸ்பிரிங் விடுபட்டு, ஊசி பாய்ந்து, கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் திறக்கும். சில விநாடிகளில் ஜாக்கெட் உப்பிவிடும். ஆகவே ஜாக்கெட்டை ஈரம் கசியும் அறையில் போட்டுவையுங்கள். ஒருநாள் அதுவாகவே வெடித்து ஊதும். காற்றைப் பிடுங்கி, அழகாக மடித்து, காலி சிலிண்டரோடு திரும்பத் தொங்கவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் புதுசுதான். கால் இடுக்கில் போடும் வாரை மட்டும் அசிங்கம் என்று ஒதுக்கிவிடுங்கள். ஒருவேளை ஜாக்கெட் ஊதினாலும் அது மேலே போகும், நீங்கள் கீழே போகலாம்.

6. ராஃப்டைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுங்கள்.
வெள்ளைப் பீப்பாய்க்குள் மடங்கிக் கிடக்கும் ராஃப்டைப் பிடித்திருக்கும் வாரோடு, 'ஹெச்.ஆர்.யு.' என்றொரு சின்னக் கருவியை இணைத்திருப்பார்கள். கப்பல் மூழ்கி 4 மீட்டர் ஆழம் போவதற்குள் தண்ணீரின் அழுத்தத்தில் அது விடுபடும். பீப்பாய் மிதந்து மேலே வரும். கப்பல் கீழே போகப்போகக் கயிறு இழுபட்டு ராஃப்ட் ஊதும். கடைசியில், அறுவதற்கென்றே வைத்த மெல்லிய கயிறு ஒன்று அறுந்து, ராஃப்ட் சுதந்திரமாக மிதக்கும். கையே படாத ஏற்பாடு.

இதைக் கெடுக்க ஒரு முழம் நைலான் கயிறு போதும். அலையில் ஆடுகிறது, எவனாவது தூக்கிவிடுவான் என்று பீப்பாயை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். இன்னும் நேர்த்தி வேண்டுமா? அறுந்துபோகிற மெல்லிய கயிற்றை விட்டுவிட்டு, ராஃப்டின் கயிற்றை நேராக டெக்கின் இரும்பு வளையத்தில் முடியுங்கள். ராஃப்ட் பிரமாதமாக ஊதும். பிறகு கப்பலோடு கீழே வரும்.

7. விமானத்தில் செயல்விளக்கம் நடக்கும்போது செல்போனைப் பாருங்கள்.
2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். அதில் ஜாக்கெட்டை முறைப்படி அணிந்தவர்கள் 4 பேரே என்று விசாரணை சொன்னது. படகுகள் பக்கத்திலேயே இருந்ததால் தப்பினார்கள். உங்களுக்கும் பக்கத்தில் படகு இருக்கும் என்று நம்புங்கள். அணிந்தே ஆகவேண்டும் என்றால் இருக்கையில் இருந்தபடியே ஊதிக்கொள்ளுங்கள். 1996இல் கொமோரோஸ் கரையருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள். தண்ணீர் ஏற ஏற ஜாக்கெட் அவர்களைக் கூரையோடு ஒட்டவைத்தது. வாசல் கீழே இருந்தது.

8. பாதுகாப்பு கூடினால் துணிச்சலையும் கூட்டுங்கள்.
1991இல் ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் 'சைப்ரஸ்' கருவியைக் கொண்டுவந்தார். தரைக்குச் சுமார் 225 மீட்டர் உயரத்திலும் நீங்கள் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அது தானே ரிசர்வ் பாராசூட்டைத் திறக்கும். பாராசூட் கருவிகளில் பெரும் மாற்றங்களைச் செய்த பில் பூத் மனிதச் சுபாவம் ஒன்றைக் கண்டுவைத்திருந்தார்: கருவி எவ்வளவு பத்திரமாகிறதோ, அவ்வளவுக்குக் குதிக்கிறவர்கள் ஆபத்தைக் கூட்டிக்கொள்வார்கள், சாவுக் கணக்கு குறையாது. அவர் பெயரைக் காப்பாற்றுங்கள். சின்னதாக, வேகமாகப் பாயும் பாராசூட்டாகப் பார்த்து வாங்கி, தரையை ஒட்டி ஒரு திருப்பு திருப்புங்கள். பாராசூட் விரியாமல் சாவது பழைய பாணி. அருமையாக விரிந்த பாராசூட்டின் கீழே சாவதே நவீனம்.

9. அபாய பீக்கனுக்கு உங்கள் பெயரைச் சொல்லாதீர்கள்.
406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் கத்தும் கருவி இது. பதிவு செய்திருந்தால் யாருடையது, எந்தப் படகு, யாரைக் கூப்பிட வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். பதிவு செய்யாதீர்கள். பழையதைக் குப்பையில் எறியுங்கள். தேடி வரும் குழு குப்பை மேட்டில் போய் நிற்கட்டும். 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அபாயச் செய்தி அனுப்பினால் 'கிடைத்தது' என்று பதிலும் தருகிற கருவியை இஸ்ரோ பிற்பாடு கொண்டுவந்தது. நீங்கள் படகு உரிமையாளர் என்றால் அதை வாங்கி வீட்டு ஷோகேஸில் வையுங்கள். கடலுக்குப் போகிறவர் நீங்கள் இல்லையே.

10. விசாரணையில் உண்மையே பேசுங்கள்.
"தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன" என்று ஆரம்பியுங்கள். பிறகு பட்டியலை நீட்டுங்கள்: ஜாக்கெட் இத்தனை, ராஃப்ட் இத்தனை, பீக்கன் ஒன்று, எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. ஒன்றுகூடப் பொய்யில்லை. வேலை செய்யாதது கருவிதான் என்று சொல்லி, இதைவிட நவீனமானதாக ஒன்று கேட்டு மனு கொடுங்கள். பழைய ஜாக்கெட்டுகளை விற்றுவிடலாம். கவர் பிரிக்காத சரக்குக்குச் சந்தையில் எப்போதும் நல்ல விலை.