நீர் றொக்கெற்றை ஏற்றுவது எது? வன்னி மைதானங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர் விட்டு, வாயைத் தக்கையால் இறுக்கி, தக்கையில் செருகிய வால்கட்டை வழியே சைக்கிள் பம்மால் காற்றடித்தால் போத்தல் வானத்துக்குப் பாயும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பாடசாலை மைதானத்தில் இதைப் பார்ப்பவர்கள் பெருமை முழுவதையும் நியூற்றனின் மூன்றாம் விதிக்குக் கொடுத்துவிட்டுக் கலைகிறார்கள். இரக்கமுள்ள சிலர் தண்ணீருக்கும் கொஞ்சம் கொடுப்பதுண்டு. இக்கட்டுரையின் துணிபு வேறு: போத்தலை ஏற்றுவது பம்மின் மேல் குனிந்து நிற்கும் பிள்ளையின் முதுகு. மற்றவை எல்லாம் இடைத்தரகர்கள்.

சான்று கணக்கிலேயே கிடக்கிறது. அரை லீற்றர் தண்ணீர் போக எஞ்சும் ஒரு லீற்றர் இடத்தில், வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் இன்னும் ஐந்து மடங்கு ஏற்றுவதற்கு ஐந்து லீற்றர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். ஒரு குத்துக்குக் கால் லீற்றர் தள்ளும் பம் என்றால் 20 குத்து. அடைபட்ட காற்று விரிந்து தண்ணீரை வெளியேற்றும்போது செய்யும் வேலை ஏறத்தாழ 175 யூல். 18 கிலோ அரிசியை ஒரு மீற்றர் தூக்குவதற்குச் சமம். அந்த அரிசியைத் தூக்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் உயரப் பறக்காதே என்பார்கள். உண்மைதான், காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியான தண்ணீர் கீழே பாய்வதால்தான் போத்தலுக்கு அவ்வளவு உந்தம் கிடைக்கிறது. ஆனால் அது எறியப்படும் பாரம், எரிபொருளன்று. காற்றடிக்காமல் தக்கையைப் பிடுங்கிப் பார்த்தால், நனைவது கால் மட்டுமே.

சைக்கிளுக்கும் விண்வெளிக்கும் உறவு புதிதல்ல. இந்தியாவின் தும்பா ஏவுதளத்தில் றொக்கெற்றின் மூக்குப்பகுதி சைக்கிளில் போவதை 1966இல் ஹென்றி கார்ட்டியே பிரெசோன் படமெடுத்தார். அங்கே சைக்கிள் வெறும் சுமைகாவி. வன்னியிலோ போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள்; முதுகும் காலும் மின்நிலையமாக இருந்த மண் இது. வன்னி வானத்தில் இரைந்துபோன வேறு பொருட்களும் உண்டு. அவற்றுக்குக் காற்றடிக்க எந்தப் பிள்ளையும் குனியவில்லை. ஆகவே அவை இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.

இதெல்லாம் விண்வெளியா என்பது அடுத்த ஆட்சேபம். நீர் றொக்கெற்றின் உலக சாதனையே 830 மீற்றர்தான் (கேப் ரவுண் பல்கலைக்கழகம், 2015). விண்வெளி 100 கிலோமீற்றரில் தொடங்குவதாகக் கொள்வர். ஆனால் 2019இல் இலங்கையின் ராவணா-1 செய்மதியும் அமெரிக்க றொக்கெற்றில் ஏறித்தான் மேலே போனது. அந்த வகையில் கிளிநொச்சிப் போத்தல் கூடுதல் சுயசார்புடையது. இனி, கராச்சிலுள்ள கொம்பிரசரைக் கொண்டுவந்தால் முதுகு எதற்கு என்பார்கள். போத்தல் எவ்வளவு தாங்கும் என்பது கொம்பிரசருக்குத் தெரியாது. பிள்ளையின் முதுகு, போத்தல் வெடிக்கும் அளவை எட்டுவதற்குப் பெரும்பாலும் வெகுமுன்பே களைத்துவிடும். ஆக அது எஞ்சின் மட்டுமல்ல, பாதுகாப்பு வால்வும்கூட. பத்து, ஒன்பது, எட்டு என்று ஒலிபெருக்கியில் எண்ணுவதற்கும் புறப்பாட்டுக்கும் தொடர்பு இல்லை. தக்கை தான் விரும்பிய நேரத்தில்தான் கழலும், அநேகமாக ஏழில்.

ஆகவே போட்டிச் சான்றிதழில் காற்றடித்தவரின் பெயருக்கு ஒரு வரி விட வேண்டும் என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. இடம் போதாவிட்டால் பிரதம விருந்தினரின் பட்டங்களில் இரண்டைக் குறைக்கலாம்.