ஒண்ணு, ரெண்டு சொல்லு

1962இல் எனக்கு எட்டு வயது. டான்சில் ஆபரேஷன். மூக்கையும் வாயையும் மூடுகிற மாதிரி ஒரு கம்பிக் கூட்டைக் கவிழ்த்து, அதன்மேல் நாலு மடிப்பு காஸ் துணியைப் போட்டார்கள். அதில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே, "ஒண்ணு, ரெண்டு சொல்லுடா தம்பி" என்றார் டாக்டர். தித்திப்பும் காரமும் கலந்த வாசனை. தொண்டையைப் பிடித்து நெரித்தது. பதினேழுவரை சொன்னதாக எனக்கு ஞாபகம். முப்பதைத் தாண்டிவிட்டேன் என்று மாமா ஊரெல்லாம் பெருமையடித்தார். விழித்ததிலிருந்து மறுநாள்வரை வாந்தி. அப்பா போட்டது ஒரே ஒரு கையெழுத்து.

பத்து வருஷம் கழித்து மதுரையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. லேபில் யாரோ ஒரு பழுப்பு பாட்டிலைத் திறந்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. மூக்கு மறக்கவில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த பழைய பெயர் 'சல்ஃபியூரிக் ஈதர்'. அதில் கந்தகம் பேருக்குக்கூட இல்லை. இல்லை, பேருக்கு மட்டும்தான் உண்டு. எத்தில் ஆல்கஹாலை அடர் கந்தக அமிலத்தோடு 140 டிகிரியில் சூடாக்கினால் ஈதர் வடியும். அசந்து 170க்கு விட்டால் எத்திலீன் வாயுதான். அமிலம் அடியிலேயே தங்கிவிடும், பெயர் மட்டும் பாட்டிலோடு வந்துவிடும்.

ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. குளிர் தேசத்தில் அது திரவம். மதுரைச் சித்திரையில், 38 டிகிரி வெக்கையில், அது என்னவென்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஐஸ் வாளியில் ஊறப்போட்ட பிறகுதான் மூடியில் கைவைப்பார் அட்டெண்டர்.

அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, மேசையோடு மேசையாக ஊர்ந்து போகும். பரீட்சைக்கு நன்றாகவே மனப்பாடம் செய்திருந்தேன். ஒருநாள் இரண்டு மேசை தள்ளி யாரோ பர்னரைப் பற்றவைக்க, அங்கிருந்து ஒரு நீல நாக்கு பலகைமேல் ஓடிவந்து என் கை ரோமத்தைப் பொசுக்கியபோதுதான் புரிந்தது. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிய அட்டெண்டர் திட்டக்கூட இல்லை. "தம்பி, இதாச்சும் தெரியுது. பழைய ஈதரக் காய்ச்சறப்ப அடியில கொஞ்சம் விட்டுவை. வறள விட்டியோ, வெடிச்சிரும்" என்றார். பெராக்சைடு என்ற சொல் அவருக்குத் தேவைப்படவில்லை.

நான் கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு முப்பத்தைந்து வருஷம் பேங்கில் காசு எண்ணினேன்.

போன வருஷம் பித்தப்பையில் கல். மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது. "ஈதரா தருவீங்க?" என்றேன். "ஐயோ சார், அந்தக் காலத்து ஈதரை நான் மோந்துகூடப் பாத்ததில்ல. இது செவோஃபுளூரேன். தீப்பிடிக்காது, பயப்படாதீங்க" என்று சிரித்தார். ஆறு இடத்தில் கையெழுத்து. கையில் ஒரு ஊசி. எண்ணச் சொல்வார்கள் என்று ஒண்ணு, ரெண்டைத் தயாராக வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. கண் விழித்தபோது பித்தப்பை இல்லை, வாந்தியும் இல்லை. பில்லைப் பார்த்தபோதுதான் லேசாகக் குமட்டியது.

ஈதருக்கு வேஷம் போடுவது புதிதல்ல. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், எல்லோர் கண்முன்னும் ஒரு நோயாளியை மயக்கிக் காட்டினார் மார்ட்டன் என்ற பல் டாக்டர். காப்புரிமை ஆசையில் நிறமும் நறுமணமும் கலந்து 'லீத்தியான்' என்று அதற்குப் பெயர் வைத்தார். பாவம், வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் செவோஃபுளூரேனைத் தேடிப் பார்த்தேன். ஏழு ஃபுளூரின் அணுக்களைக் கோத்துத் தீப்பிடிக்கிற குணத்தை அடக்கியிருக்கிறார்கள். முழுப் பெயர் ஃபுளூரோமெதில் ஹெக்ஸாஃபுளூரோ ஐசோபுரோபைல் ஈதர்.